சாதி இருக்கும்போது மானிடவியலாளர்களுக்கு வர்க்கம் எதற்கு?

தேர்வுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் "வர்க்கம் மேலைநாட்டுச் சரக்கு, நமக்குச் சாதி போதாதா?" என்று கேள்வியோடு ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் தேர்வுக்கு. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, ஸ்ரீபுரம் என்ற புனைபெயரில் அதைப் பற்றி எழுதினார். நூல் 1965இல் வந்தது. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் வழியில் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். அக்கிரகாரத்துக்காரர் மிராசுதார், சேரிக்காரர் கூலி என்று ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தவை, நிலம் கைமாறத் தொடங்கியதும் விலகின என்றார். அவருக்கு முன்பே, 1951இல், அதே மாவட்டத்துக்கு வந்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப் மார்க்சின் பக்கம் நின்று, உழுதவனின் விளைச்சல் யார் களஞ்சியத்துக்குப் போகிறது என்று பார்த்தார்.

தபால் வழியில் எம்.ஏ. படித்தபோது இதையெல்லாம் மனப்பாடம்தான் செய்தேன். மானிடவியலாளர் சாரா டிக்கி மதுரையில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றி எழுதியதைப் படித்த அன்றுதான் புத்தகத்தை மூடி வைத்தேன். வேலைக்கு வருபவள் வழியாக வெளி அழுக்கு உள்ளே வந்துவிடும், உள்ளே இருப்பது வெளியே போய்விடும் என்று வீட்டுக்காரர்கள் அஞ்சுவதை அவர் எழுதியிருந்தார். என் தாயார் மதுரையில் பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் வேலை பார்த்தவர். மாலையில் கிளம்பும்போது கூடையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வருவார்.

அந்த வீட்டார் எங்கள் சாதிதான். அப்பா வழியில் தூரத்து உறவும்கூட. கல்யாண வீடுகளில் அந்த அம்மையாரை என் தாயார் "மதினி" என்று கூப்பிடுவார். மறுநாள் காலை பாத்திரம் துலக்கும்போது "அம்மா" என்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

உடனே "சாதி இல்லை என்கிறான்" என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரே சாதி என்பதால்தான் அவரைச் சமையலறைக்குள்ளேயே விட்டார்கள். வேறு சாதியாக இருந்திருந்தால் கொல்லைப்புறத்தோடு சரி. அதை மறந்துவிட்டு வர்க்கம் பேசுபவர்களோடும் எனக்குச் சண்டைதான்.

   

சென்ற தை மாதம் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சினோம். அந்த அம்மையாரும் வந்திருந்தார். வாசலிலேயே என் தாயாரின் கையைப் பிடித்து, "மதினி, வீடு நன்றாக இருக்கிறது" என்றார்.

"உட்காருங்கள் அம்மா" என்றார் என் தாயார்.