சுடாத நெருப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மொழிபெயர்த்துவரும் ஆங்கிலச் சிறுகதையொன்றில் ஒரு மூதாட்டியின் கண்கள் 'லாம்பென்ட்' எனப்படுகின்றன. 'மென்மையாக ஒளிர்கிற' என்கிறது அகராதி. 'லாம்ப்' என்பதிலிருந்து வந்திருக்கும் என்று கருதி 'விளக்கொளிக் கண்கள்' என எழுதினேன். சரிதானா? இச்சொல் இன்றும் புழக்கத்தில் உள்ளதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக இச்சொல்லே மனத்தில் சுற்றிக்கொண்டிருப்பதால் உடனே எழுதுகிறேன். புழக்கத்தைப் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம். கதாசிரியர் எழுதிவிட்டார், அது போதும். ஆனால் ஒலியொற்றுமையை மட்டும் நம்பி வேர் தேடினீர்களே, அந்தச் சோம்பலை என்னால் பொறுக்க முடியவில்லை. 'லாம்ப்' கிரேக்க வழியில் வந்தது. 'லாம்பென்ட்' லத்தீன் வழியில் வந்தது, அதன் வேர்வினைக்கு 'நக்குதல்' என்று பொருள்.

நெருப்பை நாவாகக் காண்பது நமக்குப் புதிதன்று. 'எழுநா' என்றே அதற்கொரு பெயர் நம்மிடம் உண்டு. ஆனால் நம் தீநாக்கு பெரும்பாலும் விழுங்குவது. இதுவோ வருடிவிட்டு விலகுவது. ரோமானியக் கவிஞர் விர்ஜிலின் 'ஈனியட்' என்னும் லத்தீன் காவியத்தின் இரண்டாம் காண்டத்தில், டிராய் நகரம் எரிந்துகொண்டிருக்கும் அதே இரவில், காவிய நாயகன் ஈனியஸின் மகனான சிறுவன் யூலஸின் உச்சியில் ஒரு சுடர் தோன்றி, அவனைச் சுடாமல் மென்மயிரை நக்குகிறது. பெற்றோர் பதறி நீரூற்றி அணைக்க முனைகிறார்கள். பாட்டனார் அன்கைசீஸ் மட்டும் கண்களை வானத்துக்கு உயர்த்தி மகிழ்கிறார். பின்னாளில் விர்ஜிலை ஆங்கிலப்படுத்திய கவிஞர் டிரைடன், 1682இல் அச்சான 'மெக் ஃப்ளெக்னோ' என்னும் அங்கதத்தில், முடிசூடும் மூடனின் முகத்தைச் சுற்றி லாம்பென்டான மந்தபுத்தி விளையாடியதாக எழுதினார். ஒளி ஆட வேண்டிய இடத்தில் மந்தம் ஆடுகிறது என்பதுதான் அங்கே கிண்டல். வேரை மறந்தவருக்கு அது கிட்டாது.

இவ்வளவு அதட்டுகிற நானும் இதே சொல்லில் இடறியவன்தான். பிறரைப் புண்படுத்தாமல் மின்னும் நகைச்சுவையையும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். என் முதல் மொழிபெயர்ப்பில் அதை 'அனல் பறக்கும் நகைச்சுவை' என்று பெருமையோடு எழுதிக் கொடுத்தேன். பிரதியைச் செப்பனிட்டவர் ஓரத்தில் பென்சிலால், "இது சுடுமா, சுடாதா?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். அன்றிரவு மிகுந்த கோபத்துடன்தான் அகராதியைப் புரட்டினேன்.

உங்கள் மூதாட்டிக்கு வருவோம். விளக்கொளி ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. இக்கண்களின் ஒளி அசைய வேண்டும், யாரைப் பார்க்கிறாளோ அவரைத் தொட வேண்டும். 'வருடும் சுடர்க்கண்கள்' என்று எழுதிப் பாருங்கள். அவள் அந்த வாக்கியத்தில் யாரைப் பார்க்கிறாள் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. அதை முதலில் எழுதி அனுப்புங்கள்.