டி-ரைபோஸ் பொடி: சர்க்கரைதான், ஆனால் சர்க்கரையை இறக்கும்

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, இதயத்துக்கு மெட்டோபிரோலால் சாப்பிடுகிறேன். ஒரு மாதமாக மாடிப்படி ஏறினாலே அசதி. நண்பர் டி-ரைபோஸ் பொடி ஒரு டப்பா கொடுத்து, ‘இதயத்துக்குத் தெம்பு தரும், சர்க்கரைதான், ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது’ என்கிறார். சாப்பிடலாமா?

பதில்: டப்பாவை இப்போதைக்குத் திறக்காதீர்கள். நண்பர் சொன்னதில் பொய் இல்லை. ரைபோஸ் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. இன்னும் சரியாகச் சொன்னால், கொஞ்சம் இறக்கிவிடும். உங்களுக்குச் சிக்கலே அங்கேதான்.

ரைபோஸ் நம் உடலே தயாரிக்கும் ஒரு சர்க்கரை. இதயத் தசைக்கு எரிபொருளாக இருக்கும் ஏடிபி மூலக்கூறில் அதுவும் ஒரு பகுதி. ரத்த ஓட்டம் குறைந்த தசையில் ஏடிபி இருப்பு குறையும். ரைபோஸைக் கொடுத்தால் சீக்கிரம் நிரம்பும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1992-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 20 ஆண்கள், தினம் 60 கிராம், மூன்று நாள். டிரெட்மில்லில் நடக்கும்போது, ரத்த ஓட்டம் போதவில்லை என்று காட்டும் ஈசிஜி மாற்றம் தெரியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. 2003-ல் இதயச் செயலிழப்பு உள்ள 15 பேரிடம், தினம் 15 கிராம் கொடுத்துப் பார்த்ததிலும் சில நல்ல அறிகுறிகள் தெரிந்தன. இருபது பேர், பதினைந்து பேர்! இதை வைத்து மாரடைப்பு குறையும், ஆயுள் கூடும் என்று யாரும் சொல்ல முடியாது. டப்பாவில் அச்சடிக்கிறவர்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது.



சரி, உங்கள் மாத்திரைகளுக்கு வருவோம். கிளிமெபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பது. அதோடு ரைபோஸும் சேர்ந்தால் லோ சுகர் ஆகலாம். சாதாரணமாக அப்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நாமும் உஷாராகிவிடுவோம். நீங்கள் சாப்பிடும் மெட்டோபிரோலால் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் வியர்வை மட்டும்தான். திடீரென்று வியர்த்தால் வெயில் என்று விட்டுவிடாமல் குளுக்கோமீட்டரில் பாருங்கள்; பொடி சாப்பிடாவிட்டாலும் இது உங்களுக்குப் பொருந்தும். அப்புறம், ரைபோஸ் யூரிக் அமிலத்தை ஏற்றும், வயிற்றுப்போக்கும் வரலாம். கவுட் (யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டுவலி) இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எனக்குப் பொடியைவிட அந்த அசதிதான் கவலை தருகிறது. ஸ்டென்ட் வைத்தவருக்குப் படி ஏறும்போது புதிதாக அசதி வந்தால் காரணம் தேடியாக வேண்டும். ரத்தசோகையா, தைராய்டா, மெட்டோபிரோலால் அளவு கூடுதலா, இதயத்தின் பம்பிங் குறைந்திருக்கிறதா, மறுபடியும் அடைப்பா? சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே அடைப்பு இருக்கலாம். இந்த வாரமே இதய டாக்டரைப் பாருங்கள். ஈசிஜி, எக்கோ, ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை) எடுக்கச் சொல்வார். டப்பாவையும் கையோடு கொண்டுபோய் லேபிளைக் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.