‘அயாதத்’துக்கு அழைக்கிறார்கள், போகலாமா?

கேள்வி: ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறேன். என் மேலாளரின் அம்மா அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருக்கிறார். “நாளை அயாதத்துக்குப் போகிறோம், வருகிறாயா?” என்று உடன் வேலை பார்க்கும் தோழி உருதுவில் கேட்டாள். ஏதோ தொழுகை என்று நினைத்துத் தயங்கிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? முஸ்லிம் அல்லாத நான் போகலாமா? போனால் என்ன பேசுவது?

பதில்: தாராளமாகப் போங்கள். அயாதத் என்றால் நோயுற்றவரைப் பார்த்து நலம் விசாரிப்பது. நீங்கள் குழப்பிக்கொண்டது ‘இபாதத்’ என்ற சொல்லோடு, அதுதான் வழிபாடு. உருது படிக்க வருபவர்களில் பலர் இங்கே தடுக்கி விழுவார்கள். எழுத்தில் இரண்டுக்கும் புள்ளியில்தான் வேறுபாடு. இரண்டாம் எழுத்தின் கீழே ஒரு புள்ளி இருந்தால் இபாதத், இரண்டு இருந்தால் அயாதத். கையால் எழுதுகிறவர்கள் அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்துச் சிறு கோடாக இழுத்துவிடுவார்கள், கவனமாகப் பார்க்க வேண்டும்.

உருதுவும் பாரசீகமும் இதை அரபியிலிருந்து எடுத்துக்கொண்டன. அரபி வேருக்குத் ‘திரும்பி வருதல்’ என்று பொருள். பழக்கத்தைக் குறிக்கும் ‘ஆதத்’ என்ற உருதுச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒருமுறை தலைகாட்டிவிட்டு வருவதல்ல, மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பது என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய அரபியில் இதன் வடிவமான ‘இயாதா’ மருத்துவரின் கிளினிக்கைக் குறிக்கிறது. வளைகுடாவில் இருந்தவர்கள் அதைப் பெயர்ப்பலகைகளில் பார்த்திருப்பார்கள்.

கூடவே இருந்து மருந்து கொடுத்து, இரவில் விழித்திருந்து பார்த்துக்கொள்வதற்கு உருதுவில் வேறு சொல் உண்டு: தீமார்தாரி. மேலாளர் வீட்டார் இப்போது செய்துகொண்டிருப்பது அது. பார்க்கப் போகிறவர் அவர்களுடைய வேலையைக் கூட்டிவிடக் கூடாது. பத்து நிமிடம் போதும்.

நபிகள் நாயகம் தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவனைப் பார்க்கப் போனார் என்று நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கிறது. ஆகவே மதம் வேறு என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம்.

இனி, என்ன பேசுவது? பாரசீகக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமி (1207–1273) ‘மஸ்னவி’ என்ற தம் நெடுங்கவிதை நூலின் முதல் பாகத்தில் ஒரு கதை சொல்கிறார்; அதன் தலைப்பிலேயே ‘அயாதத்’ என்ற சொல் இருக்கிறது. காது கேளாத ஒருவர் நோயுற்ற அண்டை வீட்டாரைப் பார்க்கக் கிளம்புகிறார். நோயாளி என்ன சொல்வார் என்று தாமே ஊகித்து, பதில்களை முன்கூட்டியே தயார் செய்துகொள்கிறார். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்க, “செத்துக்கொண்டிருக்கிறேன்” என்கிறார் நோயாளி. “இறைவனுக்கு நன்றி!” என்கிறார் வந்தவர். “என்ன சாப்பிட்டீர்கள்?” “விஷம்.” “உடம்புக்கு நல்லது.” “எந்த வைத்தியர் வருகிறார்?” “மரண தூதர் வருகிறார்.” “அவர் கால் வைத்த இடம் விளங்கும், மகிழ்ச்சியாக இருங்கள்!” பார்க்கப் போன கடமை முடிந்தது என்ற திருப்தியோடு அவர் வீடு திரும்புகிறார்.

காது நன்றாகக் கேட்கிற நாமும் மருத்துவமனைகளில் இதைத்தான் செய்கிறோம். “ஒன்றும் ஆகாது, என் சித்தப்பாவுக்கும் இதேதான்” என்று ஆரம்பித்துவிடுகிறோம். என் உருது ஆசிரியர் படுக்கையில் இருந்த மாதங்களில் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் தினமும் மாலையில் வருவார். நாற்காலியைக் கட்டில் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ராத்திரி தூக்கம் வந்ததா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். ஆசிரியர் விரும்பினால் பேசுவார், இல்லையென்றால் இல்லை. கொஞ்ச நேரத்தில் பெரியவர் எழுந்துவிடுவார். எங்கள் எல்லோரையும்விட ஆசிரியர் அவரைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

நீங்கள் “ஆப் கீ தபியத் கைஸீ ஹை?” (உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது?) என்று கேளுங்கள். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். கிளம்பும்போது “அல்லாஹ் ஷிஃபா தே” (இறைவன் குணமளிக்கட்டும்) என்று சொல்லலாம். உங்கள் வாயிலிருந்து அது வந்தால் அந்த அம்மா மனம் குளிர்ந்துபோவார். சாப்பிட எதுவும் வாங்கிப் போவதற்கு முன், அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதால், என்ன கொடுக்கலாம் என்று வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். அவர் வீடு திரும்பிய பிறகு ஒரு மாலை இன்னொரு முறை போய் வாருங்கள், தோழி வராவிட்டாலும்.