சிஸ்டர்கிட்ட கேளுங்க: பெரியாஸ்பத்திரிய ஊருக்கு வெளிய கொண்டு போகலாமா?

கேள்வி: வணக்கம் சிஸ்டர், நான் நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை பக்கம். டவுன்ல இருக்குற பெரியாஸ்பத்திரிய ஒரத்தூர் மெடிக்கல் காலேஜுக்கு மாத்துறாங்கன்னு பேச்சு வந்ததுல இருந்து ஊரே கொதிச்சுப் போச்சு, போராட்டம் வரைக்கும் போச்சு. நாங்க என்னமோ வளர்ச்சிக்கு எதிரிங்கிற மாதிரி சொந்தக்காரங்களே வாட்ஸப்புல எழுதுறாங்க. நாங்க கேக்குறது தப்பா?

பதில்: தப்பே இல்ல தங்கச்சி. கடலுக்குப் போற வீட்டுல ஆஸ்பத்திரி எவ்வளவு கிட்டங்கிறதுதான் பல நேரம் உசுரு. விடியக்காலம் போட் கரைக்கு வரும்போது வல இழுக்குற விஞ்சு மெஷின்ல கை மாட்டிக்கிட்டவங்கள, துண்டச் சுத்தி ஆட்டோவுல தூக்கிட்டு வந்து எங்க கேஷுவால்ட்டில இறக்குனத நான் 31 வருஷ சர்வீஸ்ல எத்தனையோ தடவ பாத்திருக்கேன்.

ஆனா இது ஏன் நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டாதான் சரியான எடத்துல கேள்வி கேக்க முடியும். தமிழ்நாட்டுல 2022 ஜனவரி 12 அன்னிக்கு ஒரே நாள்ல 11 புது மெடிக்கல் காலேஜ திறந்தாங்களே, அதுல நாகையும் ஒண்ணு, சென்ட்ரல் கவர்மென்ட் 60 பங்கு ஸ்டேட் 40 பங்கு போட்ட ஸ்கீம். அந்த ஸ்கீமே, ஏற்கெனவே இருக்குற மாவட்ட ஆஸ்பத்திரியோட சேத்துத்தான் காலேஜ் ஆரம்பிக்கணும்னு சொல்லுது. 150 சீட்டு காலேஜுன்னா இப்ப உள்ள ரூல்படி 600 பெட்டுக்கு மேல வேணும், அத்தன பெட்டுக்கும் டவுனுக்குள்ள எடம் ஏது, அதான் வெளிய போறாங்க. புதுசா அத்தன டாக்டர் வானத்துல இருந்தா வருவாங்க, டவுன்ல இருக்குற சர்ஜனும் மயக்க டாக்டரும்தான் அங்க போகணும். பழைய கட்டடம் அங்கயேதான் இருக்கும், கதவும் தொறந்துதான் இருக்கும், உள்ள ஆள் இருக்க மாட்டாங்க. சண்ட போட வேண்டிய எடம் இதுதான்.

நான் வேல பாத்த ஒரு ஊர்லயும் இப்படி மாத்துனாங்க, ஊர் பேரு வேணாம். மாத்தி ஒரு வாரம்கூட ஆகல, ராத்திரி பதினொன்ற மணிக்கு ஒரு புள்ளைய இடுப்புவலியோட பழைய கேட்டுக்கு கூட்டிட்டுப் போயிருக்காங்க, லைட்டு இல்ல, வாட்ச்மேன் வந்து "இங்க இல்லம்மா, பைபாஸ் தாண்டி போங்க"ன்னு சொல்லியிருக்கார். முக்கால் மணி நேரம் கழிச்சு எங்ககிட்ட வரும்போது ஆட்டோ சீட்டுலயே குழந்த பொறந்து, நஞ்சுக்கொடி விழாம சீட்டெல்லாம் ரத்தம். அந்த ரத்தப்போக்கு நிக்கலன்னா ரெண்டு மணி நேரம்கூட தாங்காதுங்க. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தி காப்பாத்துனோம். அவ மாமியா கையில வென்னீர் பிளாஸ்க்கோட நின்னுகிட்டு "ஒரு போர்டாவது எழுதிப் போட்டிருக்கலாமே சிஸ்டர்"னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

அதனால "மாத்தாதே"ன்னு மட்டும் கேக்காதீங்க, டவுன்ல என்னென்ன இருக்கணும்னு பேர் சொல்லிக் கேளுங்க. 24 மணி நேர கேஷுவால்ட்டி, அதுக்கு ராத்திரியும் டியூட்டி டாக்டர். சிசேரியன் செய்யுற பிரசவ வார்டு, அதுக்கு மகப்பேறு டாக்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் மூணும் சேந்து இருக்கணும், ஒண்ணு இல்லன்னாலும் அது வெறும் ரூம்தான். டயாலிசிஸ், சுகர் பிரஷர் மாத்திர குடுக்குற ஓபி. விழுப்புரத்துல 2010ல ஊருக்கு வெளிய முண்டியம்பாக்கத்துல மெடிக்கல் காலேஜ் வந்த பிறகும் டவுன் ஆஸ்பத்திரி நடக்குது. நாகர்கோவில்ல அப்படியில்ல, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு எல்லாம் போன பிறகு கோட்டார் பழைய ஜிஹெச் எடத்துல இப்ப ஆயுர்வேத காலேஜ் இருக்கு. ரெண்டுல எது உங்க ஊருக்குன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க.

கேள்வி: சிஸ்டர், நான் அதே மாவட்டம், கிராமம், விவசாயம். டவுன்காரங்க சத்தம் போடுறாங்க, எங்களுக்கு இப்பதான் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கிட்டக்க வந்திருக்கு, அத ஏன் தடுக்கணும்?

பதில்: உங்க கோவம் நியாயம்தான் தம்பி. வயல்ல பாம்பு கடிச்சவங்கள திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் ரெஃபர் பண்ணி அனுப்புன காலத்த நீங்கல்லாம் மறந்திருக்க மாட்டீங்க, தஞ்சாவூர் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர், வழியிலயே போனவங்க உண்டு. ஒரத்தூர் காலேஜ் வேணும், நல்லா நடக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சு கெடையாது. ஆனா டவுன்காரங்கள்ல முக்காவாசிப் பேரு உங்க ஆஸ்பத்திரியத் தடுக்கல, அவங்களோடத மூடாதன்னு கேக்குறாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா உக்காந்து ஒரே மனுவா எழுதுனீங்கன்னா கலெக்டர் ஆபீஸ்ல அதுக்கு இருக்குற வெயிட்டே வேற.

கேள்வி: பஸ் விட்டா பிரச்சன தீந்துடுமா?

பதில்: பாதி தீரும். பகல்ல ஓபிக்கு வர்றவங்களுக்கு பெரிய உதவி, 2021ல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, ஆஸ்பத்திரில கூட இருந்து பாத்துக்குறதும் பெரும்பாலும் பொம்பளைங்கதானே. ஆனா பஸ்ஸு மெயின் ரோட்டுல எறக்கி விடக்கூடாது, கேட்டுக்குள்ள வரணும், கடைசி பஸ்ஸு பார்வையாளர் நேரம் முடிஞ்ச பிறகு கெளம்பணும். கூட இருக்கறவங்க தூங்க ஷெட்டு, ராத்திரி வென்னீர், ஒரு டீக்கடை, இதையெல்லாம் வெக்கப்படாம எழுதுங்க, டவுன் ஆஸ்பத்திரின்னா ரோட்டத் தாண்டுனா கெடைக்கும், வயலுக்கு நடுவுல ராத்திரி பத்து மணிக்கு எங்க போறது? நெஞ்சுவலிக்கும் பிரசவத்துக்கும் பஸ் ஆகாது, அதுக்கு டவுன்லயே ஒரு 108 எப்பவும் நிக்கணும், அதையும் சேருங்க. திங்கக்கெழம குறைதீர் நாள்ல மனு குடுத்தா ரசீது நம்பர் வாங்காம வெளிய வராதீங்க.