பள்ளியாண்டு முடியும் நேரத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

தோட்டத்தை விட்டு அண்மையில் பட்டணத்துக்குக் குடிவந்திருப்பதாகவும், மகன் மூன்றாம் படிவத்திலும், அதாவது ஒன்பதாம் வகுப்பிலும், மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டிலும் படிப்பதாகவும், பள்ளியிலிருந்து வரும் ஆண்டிறுதிக் கடிதங்களுள் எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள பகாவில் தையற்கடை வைத்திருக்கிறேன். மூத்த பிள்ளைகள் இருவரும் இங்கேயே இடைநிலைப்பள்ளி முடித்தார்கள். கடைசி மகன் இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். ஆண்டு முடிவில் சீருடை தைக்க வரும் தாய்மார்கள் பலர் அந்தக் கடிதங்களைக் கைப்பையில் கொண்டுவந்து என்னிடம் காட்டிப் பொருள் கேட்பதுண்டு. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மற்றக் கடிதங்கள் ஒரு வாரம் தாமதமானாலும் சரிசெய்துகொள்ளலாம். உங்கள் மகன் கொண்டுவரும், அல்லது புத்தகப்பையின் அடியிலேயே கிடக்கும், நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களைப் படிப்பது என்று குறித்துக் கையெழுத்திட வேண்டிய பாடத்தேர்வுப் படிவம் அப்படிப்பட்டது அன்று. அதை முதலில் தேடி எடுங்கள்.

முன்பு நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்று இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2020ஆம் ஆண்டு முதல் அந்தப் பிரிவுகள் போய், பாடத்தொகுப்பு முறை வந்துவிட்டது. மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக்கல்வி போன்ற கட்டாயப் பாடங்களோடு, பள்ளி தன்னிடமுள்ள ஆசிரியர்களுக்கு ஏற்ப வகுத்துவைத்திருக்கும் தொகுப்புகளில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாத மாணவருக்கு, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வாகிய எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பதால் அந்த இரண்டையும் குறித்து எல்லாரும் பேசுகிறார்கள், ஆசிரியர்களும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால், பெரும்பாலான தொகுப்புகளில் தமிழ்மொழி தானாக இடம்பெறுவதில்லை என்பதைக் கடிதத்தில் யாரும் தடித்த எழுத்தில் அச்சிடுவதில்லை. நாம்தான் அதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்கு 10 பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்று 2009இல் அரசு அறிவித்தபோது நம்மவர்களிடையே எழுந்த எதிர்ப்பின் விளைவாகவே தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் ஆகிய இரண்டையும் சேர்த்து 12 பாடங்கள் வரை எடுக்க வழி பிறந்தது. போராடிப் பெற்ற அந்த இரண்டு இடங்களை நாம் கையெழுத்திட மறந்து இழக்கக்கூடாது என்பதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன். அதற்குக் காரணம் என் மூத்த மகள்.

அவள் மூன்றாம் படிவத்தில் இருந்த ஆண்டு இறுதியில் மழை விடாமல் பெய்தது. என் கணவர் அப்போது தோட்டத்தில் ரப்பர் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் குறையும். தீபாவளிச் செலவு ஏற்கெனவே கையைக் கடித்திருந்தது. அந்த நெருக்கடியில் மலாயில் இரண்டு பக்கம் அச்சிடப்பட்டிருந்த பாடத்தேர்வுக் கடிதத்தை நான் முழுமையாகப் படிக்கவில்லை. மகள் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன். தமிழுக்கான கட்டம் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது, அது வெற்றாகவே போனது. என்னைப் போலவே வேறு சில பெற்றோரும் விட்டிருந்தார்கள் என்பது ஜனவரியில்தான் தெரிந்தது. தமிழ் எடுப்பதாகக் குறித்திருந்தவர்கள் 13 பேர் மட்டுமே. ஆகவே வகுப்பு கால அட்டவணையில் இடம்பெறவில்லை என்று பள்ளியில் சொன்னார்கள். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும் மூன்றாண்டுகள் இடைநிலைப்பள்ளியிலும் தமிழ் படித்த பிள்ளை, ஒரு வெற்றுக் கட்டத்தால் தமிழ் வகுப்பு இல்லாமல் நின்றாள். அன்று இரவு அவள் ஒன்றும் பேசாமல் தன் தமிழ்ப் பயிற்சிப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்ததை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை.

பிறகு பெற்றோர் சிலர் சேர்ந்து வீடு வீடாகப் போனோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் அங்கே கற்பிக்கப்பட வேண்டும். இந்த எண்ணைத் தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் அடையாள அட்டை எண்ணைப்போல் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். விடுபட்ட பெயர்களைச் சேர்த்து 17 பேரின் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தோம். கால அட்டவணை முடிவாகிவிட்டதால் பள்ளி நேரத்திற்குப் பிறகுதான் வகுப்பு நடத்த முடிந்தது; தோட்டத்துப் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளைகளை நாங்கள் முறைவைத்து மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். அவள் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டையும் எழுதி முடித்தாள். இரண்டாவது பிள்ளையின் முறை வந்தபோது அதே கடிதத்தை நவம்பரிலேயே கொடுத்தோம். வகுப்பு காலை நேரத்திலேயே அமைந்தது. செய்த வேலை ஒன்றுதான், செய்த மாதம்தான் வேறு.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். படிவத்தை மகனோடு உட்கார்ந்து இரண்டு பக்கமும் படியுங்கள். மலாய் கடினமாக இருந்தால் பக்கத்து வீட்டில் படித்த பிள்ளையைக் கூப்பிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் என்ற கட்டங்கள் இல்லையென்றால் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அவன் வகுப்புத் தோழர்களின் பெற்றோரை வாட்ஸ்அப் புலனக் குழுவில் கேட்டு, எத்தனை பேர் தமிழைக் குறித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை 15க்கு அருகில் தடுமாறினால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலுள்ள நம்மவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். தமிழ் எடுத்தால் மற்றப் பாடங்களில் புள்ளி குறையும் என்று உங்களிடம் சிலர் சொல்லக்கூடும். பிள்ளை உண்மையிலேயே தள்ளாடினால் அது வேறு கதை, இலக்கியத்தை மட்டும் விடுவது குறித்து ஆசிரியரோடு பேசலாம். மற்றபடி, நான் பார்த்த பிள்ளைகளில் தமிழால் கெட்டவர் எவரும் இல்லை.

மகனுக்குக் கைத்தொழிலில் நாட்டம் இருந்தால் தொழிற்கல்லூரியைப் பற்றியும் இப்போதே ஆலோசனை ஆசிரியரிடம் கேளுங்கள். மூன்றாம் படிவ மாணவர்கள் இணையத்தின் வழி விண்ணப்பித்து நான்காம் படிவத்தில் அங்கே சேரலாம், டிப்ளோமா வரை அங்கேயே தொடரவும் வழியுண்டு. விண்ணப்பக் காலம் பள்ளி விடுமுறைவரை காத்திருக்காது.

தேர்ச்சி அறிக்கை வரும்போது எழுத்தும் எண்ணும் கலந்திருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். கல்வியாண்டு இறுதித் தேர்வாகிய உவாசாவுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுவார்கள். வகுப்பறை மதிப்பீட்டுக்கு 1 முதல் 6 வரை அடைவுநிலை இருக்கும், அதில் 6தான் உயர்ந்தது. 6 என்பதைக் கடைசி இடம் என்று நினைத்து மகளை அடித்த ஒரு தந்தையை நான் அறிவேன். அந்தச் சிறுமி வகுப்பிலேயே சிறந்தவள்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டு முடிப்பவர்கள் எந்த இடைநிலைப்பள்ளியில் சேர்கிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழ்ப்பள்ளியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்; குடிமாறி வந்திருப்பதால் பழைய முகவரிக்கு அருகிலுள்ள பள்ளி கிடைத்திருக்கக்கூடும், அப்படியென்றால் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை மாவட்டக் கல்வி இலாகாவில் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். மலாய்மொழியில் போதிய அடைவு இல்லாத பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புதுமுக வகுப்பில் அமர்த்தப்படுவார்கள். அப்படி அமைந்தால் மனம் தளர வேண்டாம், அவளையும் தளரவிட வேண்டாம். 12 வயது நிறைந்த பிள்ளைக்கு அடையாள அட்டை எடுத்தாக வேண்டும். பதிவிலாகாவுக்கு விடுமுறையின் முதல் வாரமே போய்வந்துவிடுங்கள். முதலாம் படிவப் பதிவு நாளில் தமிழ்ப் பெற்றோர் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். அந்த ஒரு நாளில் தாளும் பேனாவும் கொண்டுபோய், தமிழ் வகுப்பு கேட்கும் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு அத்தனை பேரையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது.

ஆண்டிறுதி விடுமுறை இப்போது நீளமானதன்று என்பதையும் மறக்க வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்திற்குப் பிறகு மார்ச், பிப்ரவரி என்று தள்ளிப்போயிருந்த பள்ளித் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்கே வந்துவிட்டது. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் ஜனவரி 11, நம்மைப் போன்ற மற்ற மாநிலங்களில் ஜனவரி 12 அன்று பள்ளி திறந்தது. 2025 டிசம்பரில் முடிந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் திறந்துவிட்டது. தையற்காரியாக ஒன்று சொல்லுகிறேன்: ஜனவரி முதல் வாரத்தில் துணியோடு வருபவர்களை நானே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. இடைநிலைப்பள்ளிப் பையன்களுக்குக் கரும்பச்சை நீளக்காற்சட்டை, பெண்களுக்கு நீலப்பச்சைப் பினாஃபோர் அல்லது அதே நிறப் பாவாடையோடு பாஜு கூரோங் என்ற மலாய் நீளச்சட்டை, காலணி கறுப்பு. பெண்பிள்ளைக்கு இரண்டு அங்குலம் மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுக்கும் ஆகும். மகனின் பழைய காற்சட்டை நன்றாக இருந்தால் புதிது வாங்காதீர்கள். 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவித்தொகை 2023 முதல் வருமான வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது, ஆனால் அது கைக்கு வருவதற்கு முன்பே செலவு வந்து நிற்கும் என்பதால் அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

பாடநூல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரவல் திட்டத்தில் பெற்றவற்றைப் பள்ளி குறித்த நாளில் எண்ணித் திருப்பிக் கொடுங்கள், காணாமற்போனதற்கு ஈடு கொடுக்க வேண்டும். நான்காம் படிவ மாணவர்கள் மட்டும் தங்கள் நூல்களை வைத்திருப்பார்கள், எஸ்.பி.எம். இரண்டாண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கப்படுகிறது என்பதால்.

ஐந்தாம் படிவப் பிள்ளையுள்ள குடும்பங்களும் இதைப் படிக்கக்கூடும். தேர்வு நாட்களில் அடையாள அட்டையும் தேர்வுப் பதிவுச் சீட்டும் முதல் நாள் இரவே சட்டைப்பையில் இருக்கட்டும். கடைசித் தாள் எழுதி முடித்ததும் பிள்ளைகள் பட்டணத்துப் பேரங்காடிக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள், பள்ளிப் பக்கம் திரும்புவதில்லை. அதற்கு முன் பள்ளி நிறுத்தச் சான்றிதழையும் புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அரசுப் பல்கலைக்கழக நுழைவில் 10 விழுக்காட்டுப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. ஐந்தாண்டுகள் செம்பிறைச் சங்கத்திலும் திடல்தடப் போட்டியிலும் உழைத்த பிள்ளை, ஆதாரத் தாள் இல்லாமல் அதை இழப்பது எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் மகனின் பாடத்தேர்வுப் படிவம் இன்னும் வீட்டில் இருந்தால், நாளைக் காலை அவனிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே பள்ளிக்கு எடுத்துச் சென்று வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். தமிழ் எடுப்பவர்களின் பட்டியலில் அவன் பெயர் எழுதப்படுவதைப் பார்த்துவிட்டு, இதுவரை எத்தனை பேர் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.