செங்குன்றம் பக்கம் 20 சென்ட் நிலத்தில் மேய்ச்சலில் கறிக்கோழி வளர்த்தால் தீவனச் செலவு மிச்சமாகுமா?

கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். புல், பூச்சி, கரையான் எல்லாம் தின்றாலும் கோழிக்குச் சதை பிடிப்பது தீவனத்தில்தான். அதை நிறுத்தினால் எடை ஏறாது.

குஞ்சு வந்ததும் வெளியே விடாதீர்கள். முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரம் 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். ராணிக்கெட் என்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். இறகு நன்றாக முளைத்த பிறகு, நாலாவது வாரம் வாக்கில், நகர்த்தும் கூண்டில் புல்லுக்கு விடலாம். கூண்டைத் தினமும் தள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் எச்சம் சேர்ந்தால் ரத்தக்கழிச்சல் வரும்.

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஊறிக் கிடக்கும். அப்போது புதுக் குஞ்சு இறக்கவே வேண்டாம் என்பேன். சித்திரை வெயிலை பிராய்லர் தாங்காது. நாட்டுக்கோழியோ, நந்தனம் என்ற மேம்படுத்திய இனக் கோழியோ நல்லது. மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, குஞ்சு வாங்குமுன் அங்கே விசாரியுங்கள். கீரிக்கும் தெருநாய்க்கும் கம்பிவலை கட்டாயம்.