பொழுதுபோகாதவர்களின் கூச்சலா?

கேள்வி: பங்க் ராக் என்ற அந்த முரட்டு ராக் இசை வசதியான நாட்டுப் பிள்ளைகள் பொழுதுபோகாமல் போட்ட கூச்சல்தானே? அதற்குப் போய் பொருளாதாரக் காரணமெல்லாம் சொல்கிறார்களே!
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எது வசதியான நாடு? பிரிட்டனில் பங்க் கிளம்பிய காலத்தைப் பாருங்கள். 1975 ஆகஸ்டில் அங்கே விலைவாசி ஒரே வருடத்தில் 26 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அடுத்த வருடமே அந்த அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டுப் போய் நின்றது. பத்து லட்சம் பேருக்கு மேல் வேலையில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழுவின் பாடகர் ஜான் லைடன், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. அப்பா கிரேன் ஓட்டியவர். 1977ல் ஊரே ராணியின் வெள்ளிவிழாவுக்குத் தோரணம் கட்டியபோது 'எதிர்காலம் இல்லை' என்று அவர் பாடினார். பிபிசி அந்தப் பாட்டை ஒலிபரப்ப மறுத்தது.

சரி, வசதியான பிள்ளைகளே இல்லையா? இருந்தார்கள். கிளாஷ் என்ற இன்னொரு பங்க் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மருடைய அப்பா வெளியுறவுத் துறை அதிகாரி. ஆனால் அவரை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பிரேசிலில், சாவோ பாவ்லோவின் ஆலைகளைச் சுற்றியிருந்த புறநகர்களில்தான் பங்க் வளர்ந்தது. ராணுவ ஆட்சி, 1978 முதல் உலோகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தங்கள், அப்புறம் கடன் நெருக்கடி. வெளிநாட்டு கிதாரெல்லாம் அந்தப் பையன்களுக்கு எட்டாத பொருள். 1982ல் மூன்று குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே 'புறநகர்க் கூக்குரல்'. கூச்சல் என்றீர்களே, அது எங்கிருந்து வந்தது என்பதை அவர்களே தட்டின் மேல் எழுதி வைத்தார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது அன்றைய கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி. அங்கே வேலையில்லாத் திண்டாட்டமே கிடையாது. பள்ளி, தொழிற்பயிற்சி, ஆலை, ஓய்வூதியம் என்று ஒரு பிள்ளையின் ஆயுள் முழுவதையும் அரசே முன்கூட்டி எழுதி வைத்திருந்தது. வேலைக்குப் போகாமல் திரிந்தால் 'சமூகத்துக்கு ஒவ்வாதவன்' என்று சிறையில் போட சட்டமே இருந்தது. லண்டன் பையன் எதிர்காலம் இல்லையே என்று கத்தினான். கிழக்கு பெர்லின் பையனுக்கு எதிர்காலம் அளவுக்கு மீறி இருந்தது. அதுதான் அவனுக்கு மூச்சு முட்டியது. அங்கே பங்க் பாடிய பிள்ளைகளுக்குச் சில தேவாலயங்கள் மட்டும் கதவைத் திறந்தன. 1983ல் நாமன்லோஸ் என்ற பங்க் குழுவினரை ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பாடிய வரிகளுக்காகவே அவர்கள் சிறைக்குப் போனார்கள்.